எடை குறையலாம், நலம் குறையலாமா?

1992ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் மாணவர்களின் உடல் எடை தொடர்பான திட்டம் ஒன்று அறிமுகம் கண்டது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதனை 'டாஃப்' என்று அழைத்தனர். உயரத்துக்கு ஏற்ற எடையைவிடக் கூடுதல் எடை கொண்ட மாணவர்கள் அடையாளம் காணப்பட்டு, அவர்களுக்குக் கூடுதல் உடற்பயிற்சி வழங்கப்பட்டது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலைகளில் விற்கப்படும் உணவிலும் கவனம் செலுத்தப்பட்டது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் திட்டம் பலன் தந்தது. 1992இல் மாணவர்களுள் சுமார் 14 விழுக்காட்டினர் கூடுதல் எடையுடன் இருந்தனர். 2006இல் அது ஏறக்குறைய 9.5 விழுக்காடாகக் குறைந்தது.

ஆயினும், 2007ஆம் ஆண்டில் அத்திட்டம் முடிவுக்கு வந்தது. பலன் தந்த ஒரு திட்டத்தை ஏன் நிறுத்த வேண்டும்? கூடுதல் எடையுள்ள மாணவர்கள் மற்றவர்களிடமிருந்து தனியே பிரித்துக் காட்டப்பட்டதால், அவர்கள் கேலிக்கு ஆளாயினர். திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கத்தைத் திருப்பிப் படித்தால் 'குண்டு' என்னும் பொருள் தரும் சொல் கிடைக்கும். பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க நெடுநாள் ஆகவில்லை. எடை குறைந்த சிலரது மனத்தில் அந்தக் கேலி மட்டும் பெரியவர்களான பின்னும் குறையவில்லை. திட்டம் நிறுத்தப்பட்டபின், உடல்நலம், மனநலம், பிறருடன் பழகும் திறன் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் அணுகுமுறை பள்ளிகளுக்கு வந்தது. அது கூடுதல் எடையுள்ள மாணவர்களுக்கு மட்டுமன்றி, எல்லா மாணவர்களுக்கும் உரியது.

இந்த வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகிறது. எடையைக் குறைப்பது ஒரு வழியே. நலமாக வாழ்வதுதான் நோக்கம். வழி நோக்கத்தையே கெடுத்துவிடக் கூடாது.

எடை ஏன் கூடுகிறது?

உடல் இயங்குவதற்கு ஆற்றல் தேவை. அந்த ஆற்றல் உணவிலிருந்து கிடைக்கிறது. அதனைக் கலோரி என்னும் அலகால் அளக்கிறோம். மூச்சு விடுவதற்கும் இதயம் துடிப்பதற்கும் மூளை சிந்திப்பதற்கும்கூட ஆற்றல் செலவாகிறது. நடப்பதற்கும் ஓடுவதற்கும் மேலும் செலவாகிறது. உண்ணும் உணவு தரும் ஆற்றல் நாளடைவில் செலவைவிட மிகுந்தால், மிச்சம் கொழுப்பாக உடலில் சேர்கிறது. வரவும் செலவும் ஒத்திருந்தால் எடை மாறாது. வரவைவிடச் செலவு மிகுந்தால், சேமித்த கொழுப்பு கரைகிறது.

இது எளிய கணக்குத்தான். ஆனால், மனிதர்கள் எல்லாரும் ஒரே கணக்கில் அடங்குவதில்லை. மரபணு, வயது, உறக்கம், மன அழுத்தம், சில நோய்கள், சில மருந்துகள் ஆகியவையும் எடையைப் பாதிக்கின்றன. ஒரே வீட்டில் ஒரே சமையலை உண்ணும் அக்காள் மெலிந்தும் தம்பி பருத்தும் இருப்பதைக் காணலாம். எனவே, பருமனாக இருப்பவரைச் 'சோம்பேறி' என்றோ 'தின்னிப் பண்டாரம்' என்றோ முத்திரை குத்துவது அறியாமை. அது அவரைப் புண்படுத்துமே தவிர, அவரது எடையைக் குறைக்காது.

அதே வேளையில், கூடுதல் எடையைப் பொருட்படுத்தாமல் விடுவதும் சரியன்று. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதயநோய், மூட்டு வலி ஆகியவற்றுக்கு அது வழிவகுக்கலாம். சிங்கப்பூரில் நீரிழிவு நோய் இந்தியர்களிடையே பரவலாகக் காணப்படுகிறது. தாத்தாவோ பாட்டியோ நாள்தோறும் இரத்தச் சர்க்கரையை அளந்து பார்ப்பதைப் பல மாணவர்கள் வீட்டிலேயே கண்டிருப்பார்கள். 2016ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு 'நீரிழிவுக்கு எதிரான போர்' என்று அறிவித்ததும் இதனால்தான்.

எடைப்பொறி காட்டாத செய்தி

ஒருவரின் எடையை அவரது உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் எடைக் குறியீடு. இங்கு எடை கிலோகிராமிலும் உயரம் மீட்டரிலும் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் வயதுவந்தோருக்கு இக்குறியீடு 23 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் வருவதற்கான வாய்ப்பு கூடத் தொடங்குகிறது. ஆனால், இந்த அளவுகோலை வளரும் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. அவர்களுக்கு வயதையும் பாலினத்தையும் கருத்தில் கொண்ட தனி அட்டவணை உண்டு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1.50 மீட்டர் உயரமுள்ள ஒரு மாணவரின் எடை 54 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். அவரது குறியீடு 24.0. சில காலம் கழித்து அவர் 1.58 மீட்டர் உயரத்துக்கு வளர்கிறார். எடை 54 கிலோகிராமாகவே இருக்கிறது. இப்போது அவரது குறியீடு 21.6. ஒரு கிலோகிராம்கூடக் குறையாமலேயே அவரது உடல் உயரத்துக்கு ஏற்ற நிலையை நெருங்கிவிட்டது. இதனால்தான் வளரும் பருவத்தினர் பலருக்கு மருத்துவர்கள் எடையைக் குறைக்கச் சொல்வதில்லை. எடை மேலும் கூடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்கின்றனர். குறைக்கத்தான் வேண்டுமா, எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை மருத்துவரே கூற வேண்டும். எடைப்பொறியோ தோழர்களின் பேச்சோ அதைத் தீர்மானிக்கக் கூடாது.

குறுக்கு வழியின் விலை

பள்ளி விழாவுக்கோ தீபாவளிக்கோ சில வாரங்களே இருக்கும்போது, விரைவாக மெலிய வேண்டும் என்னும் ஆசை சிலருக்கு எழுகிறது. காலையுணவைத் தவிர்ப்பது, நாள் முழுவதும் பழச்சாறு மட்டும் குடிப்பது, சோற்றை அறவே ஒதுக்குவது எனப் பல வழிகளை அவர்கள் நாடுகின்றனர். முதல் வாரத்தில் எடை வேகமாகக் குறைவதும் உண்மையே. ஆனால், அப்போது குறைவதில் பெரும்பகுதி கொழுப்பு அன்று. உடலில் சேமிக்கப்பட்டிருந்த மாவுச்சத்தும் அதனோடு கலந்திருந்த நீருமே வெளியேறுகின்றன. மீண்டும் வழக்கம்போல் உண்ணத் தொடங்கியதும் அந்த எடை திரும்பிவிடுகிறது.

பட்டினி நீடித்தால் உடல் தசையையும் இழக்கிறது. தசை குறைந்தால் உடல் செலவிடும் ஆற்றலும் குறைகிறது. அதன்பின் முன்பு உண்ட அதே அளவை உண்டாலும் எடை கூடுகிறது. பதின்ம வயதினருக்கு இழப்பு இன்னும் பெரிது. வாழ்நாள் முழுவதும் தாங்க வேண்டிய எலும்பின் வலிமை பெரும்பாலும் இந்த வயதிலேயே உருவாகிறது. அதற்குச் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் வேண்டும். இரும்புச் சத்து குறைந்தால் சோர்வும் தலைச்சுற்றலும் ஏற்படும். பாடத்தில் கவனம் சிதறும். பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் தடைபடவும் கூடும்.

எடையைக் குறைப்பதாக விற்கப்படும் மாத்திரைகள் இன்னும் ஆபத்தானவை. 2002ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் விற்கப்பட்ட அத்தகைய மாத்திரை ஒன்று பலரின் கல்லீரலைப் பாதித்தது. அதனை உட்கொண்ட பெண் ஒருவர் உயிரிழந்தார். நடிகை ஒருவருக்குக் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்தது. மூலிகை என்னும் பெயரோடு வந்த அந்த மாத்திரையில், உறையில் குறிப்பிடப்படாத வேதிப்பொருள் கலந்திருந்தது. இன்றும் இணையத்தில் விற்கப்படும் சில எடைக்குறைப்புப் பொருள்களைப் பற்றிச் சுகாதார அறிவியல் ஆணையம் அவ்வப்போது எச்சரித்து வருகிறது. தடைசெய்யப்பட்ட மருந்துகள் அவற்றில் கண்டுபிடிக்கப்படுவதே காரணம். 'ஏழே நாளில் ஏழு கிலோ' என்று ஒரு விளம்பரம் கூவினால், அதை வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோகிராம் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி ஆற்றல் அடங்கியுள்ளது. ஏழு கிலோகிராம் கொழுப்பைக் கரைக்க 53,900 கலோரி செலவாக வேண்டும். ஏழு நாளில் அது நடக்கக்கூடியதா? வயதுவந்தோருக்கே வாரத்துக்கு அரை கிலோகிராம் முதல் ஒரு கிலோகிராம் வரை குறைவதுதான் பாதுகாப்பான வேகம் எனப்படுகிறது.

தட்டில் தொடங்கும் மாற்றம்

அறிவார்ந்த எடைக்குறைப்பில் பட்டினிக்கு இடமில்லை. எதை, எவ்வளவு உண்பது என்பதே கேள்வி. இதற்குச் சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014இல் அறிமுகப்படுத்திய ஆரோக்கியத் தட்டு எளிய வழிகாட்டி. தட்டின் பாதியில் காய்கறியும் பழமும் இருக்க வேண்டும். கால் பங்கில் முழுத்தானியமும் இன்னொரு கால் பங்கில் புரத உணவும் இருக்க வேண்டும். பழுப்பரிசிச் சோறு, முழுக் கோதுமைச் சப்பாத்தி, கேழ்வரகுத் தோசை ஆகியவை முழுத்தானிய வகையைச் சேர்ந்தவை. மீன், கோழி, முட்டை, பருப்பு, கொண்டைக்கடலை, தௌஃபு ஆகியவை புரதம் தருபவை.

நம் வீடுகளின் தட்டு பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. பாதிக்கு மேல் வெள்ளைச் சோறு, அதன்மேல் குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல், கூடவே உருளைக்கிழங்கு வறுவல். உருளைக்கிழங்கும் சோற்றைப் போல் மாவுச்சத்து மிகுந்ததே. இதில் எதையும் கைவிட வேண்டியதில்லை. சோற்றைச் சற்றுக் குறைத்து, கீரையையும் வெண்டைக்காய்ப் பொரியலையும் இரு மடங்காக்கினாலே தட்டு மாறிவிடும். சாம்பாரில் பருப்பும் காயும் கூடினால் புரதமும் நார்ச்சத்தும் கூடும். நார்ச்சத்து நீண்ட நேரம் பசி தாங்க உதவும்.

உணவங்காடி நிலையத்திலும் தெரிவுகள் உண்டு. மாவில் கொழுப்புச் சேர்த்துப் பிசைந்து, மீண்டும் எண்ணெயில் சுடும் புரோட்டாவைவிட, ஆவியில் வெந்த இட்டிலியிலும் குறைந்த எண்ணெயில் சுட்ட தோசையிலும் கொழுப்பு குறைவு. வறுத்த மீகோரெங்குக்குப் பதில் சூப் நூடல்ஸ் கேட்கலாம். சூப்பில் உப்பு மிகுதி என்பதால் அதை முழுவதும் குடிக்காமல் விடலாம். குழம்பைச் சோற்றின்மேல் ஊற்றாமல் தனிக் கிண்ணத்தில் தரச் சொல்லலாம். நாசி லெமாக்கும் பிரியாணியும் தடைசெய்யப்பட்ட பொருள்கள் அல்ல. அவற்றை நாள்தோறும் உண்பதுதான் சிக்கல். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது உணவுக்கே முதலில் பொருந்தும்.

உண்ணும் முறையும் முக்கியம். வயிறு நிறைந்த செய்தி மூளையைச் சென்றடைய ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். கைப்பேசியைப் பார்த்தபடி ஐந்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்பவருக்கு அந்தச் செய்தி வந்து சேர்வதற்குள் இரண்டாம் தட்டும் வந்துவிடுகிறது. திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரம், முன்பு உண்டது செரித்ததை அறிந்து, பசித்தபின் அளவோடு உண்ணும்படி அறிவுறுத்துகிறது. நோயைப் பற்றிய அதிகாரத்தில் உணவைப் பற்றியே வள்ளுவர் மிகுதியாகப் பேசுவது எண்ணிப் பார்க்கத்தக்கது.

குடிக்கும் சீனி

பலர் உணவைக் கவனிக்கின்றனர், பானத்தை மறந்துவிடுகின்றனர். 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சீனி கொண்ட பானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 330 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு கேனில் 33 கிராம் சீனி இருக்கும். அதாவது, ஆறரைத் தேக்கரண்டிக்கு மேல்; ஏறக்குறைய 130 கலோரி. ஒருவர் ஒரு நாளில் சேர்த்துக்கொள்ளும் சீனி ஏறத்தாழ 25 கிராமுக்குள் இருந்தால் கூடுதல் நன்மை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. அந்த ஒரு கேனே அதைத் தாண்டிவிடுகிறது. ஆனால், பானம் வயிற்றை நிரப்புவதில்லை; சிறிது நேரத்தில் பசி மீண்டும் வந்துவிடும்.

இதைக் கருத்தில் கொண்டே 2022 டிசம்பர் 30 முதல் சிங்கப்பூரில் பொட்டலமிட்ட பானங்களுக்கு 'நியூட்ரி-கிரேட்' தரக்குறியீடு நடப்புக்கு வந்தது. சீனியும் நிறைவுற்ற கொழுப்பும் எவ்வளவு உள்ளன என்பதைப் பொறுத்து ஒவ்வொரு பானத்துக்கும் ஏ, பி, சி, டி என்னும் நான்கு தரங்களுள் ஒன்று கிடைக்கும். 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் அது 'டி' தரம். அத்தரப் பானங்களை விளம்பரப்படுத்த அனுமதியில்லை. 2023 டிசம்பர் 30 முதல் கடைகளில் உடனுக்குடன் கலக்கப்படும் பானங்களுக்கும் இந்நடைமுறை விரிவுபடுத்தப்பட்டது.

கோப்பிக் கடையிலும் ஒரு சொல் பயன் தரும். 'சியூ தாய்' என்றால் சீனி குறைவாக வரும். 'கொசோங்' என்றால் சீனியே இராது. எல்லாவற்றிலும் சிறந்தது பச்சைத் தண்ணீர்.

உடல் அசையட்டும்

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தசையையும் எலும்பையும் வலுவாக்கும் பயிற்சிகள் வாரத்தில் மூன்று நாளாவது இடம்பெற வேண்டும். அறுபது நிமிடத்தையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. பேருந்தில் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடப்பது, மின்தூக்கியை விட்டுப் படியேறுவது, மாலையில் பூப்பந்து விளையாடுவது ஆகிய எல்லாம் கணக்கில் சேரும்.

அறுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவர் அரை மணிநேரம் விரைந்து நடந்தால் ஏறக்குறைய 130 கலோரி செலவாகும். மேலே கண்ட ஒரு கேன் பானத்தின் ஆற்றலும் அதுவே. எனவே, உணவைக் கவனிக்காமல் உடற்பயிற்சியால் மட்டும் எடையைக் குறைப்பது கடினம். அப்படியானால் உடற்பயிற்சி எதற்கு? அது இதயத்தையும் எலும்பையும் வலுப்படுத்துகிறது; தசையைக் காக்கிறது; மனச்சோர்வைப் போக்குகிறது; நல்ல உறக்கம் தருகிறது. எடை ஒரு கிராம்கூடக் குறையாவிட்டாலும் இந்த நன்மைகள் கிடைக்கின்றன. எனவே, உடற்பயிற்சி உண்ட உணவுக்குத் தண்டனை ஆகாது.

வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்று பலர் நம்புகின்றனர். உடல் எங்கிருந்து கொழுப்பை எடுக்க வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. பயிற்சி அவ்விடத்துத் தசையை வலுப்படுத்தும். கொழுப்பு உடல் முழுவதிலும் படிப்படியாகவே குறையும்.

சிங்கப்பூரில் பயிற்சிக்குப் பணம் செலவழிக்க வேண்டியதும் இல்லை. தீவெங்கும் 300 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பூங்கா இணைப்புப் பாதைகளில் நடக்கலாம்; மிதிவண்டி ஓட்டலாம். ஏறக்குறைய 163 மீட்டர் உயரமுள்ள புக்கிட் தீமா குன்றில் குடும்பத்தோடு ஏறலாம். வீட்டுக்குக் கீழே உள்ள உடற்பயிற்சிக் கருவிகள் யாவருக்கும் பொது. பிடித்த விளையாட்டைத் தேர்ந்தெடுப்பவரே அதைத் தொடர்ந்து செய்வார்.

உறக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. பதின்ம வயதினருக்கு இரவில் 8 முதல் 10 மணிநேர உறக்கம் தேவை. உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பி நீர் மிகும். நிறைவு தரும் சுரப்பி நீர் குறையும். நள்ளிரவில் சமையலறை அலமாரியைத் திறக்கத் தூண்டுவது பல நேரங்களில் பசியன்று, தூக்கமின்மையே.

உடன் இருப்போர்

ஒருவர் தனித்து நின்று பழக்கத்தை மாற்றுவது கடினம். வீட்டில் எல்லாரும் பொரித்த கோழி உண்ணும்போது ஒரு பிள்ளைக்கு மட்டும் வேகவைத்த காய் கொடுத்தால், அது உணவாகத் தெரியாது, தண்டனையாகவே தெரியும். வீடு முழுவதும் சேர்ந்து மாறினால் மாற்றம் நிலைக்கும். 'இளைத்துப் போய்விட்டாயே, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்' என்று அன்போடு கரண்டியை நீட்டும் பாட்டியிடம், 'போதும் பாட்டி, வயிறு நிறைந்துவிட்டது. நாளைக்கு இதே கீரையைச் செய்து கொடுங்கள்' என்று பணிவாகச் சொல்லலாம். அதனால் பாட்டியின் மனமும் நோகாது; அளவும் மீறாது.

தோழர்களுக்கும் ஒரு கடமை உண்டு. பட்டப்பெயர் சூட்டுவது விளையாட்டன்று. கேலிக்கு ஆளானவர் சிற்றுண்டிச்சாலைக்கு வருவதையே தவிர்க்கலாம், மறைந்து உண்ணலாம், உண்டதை வாந்தியெடுக்கும் அளவுக்குக்கூடப் போகலாம். நண்பர் ஒருவர் நாள்தோறும் உணவைத் தவிர்ப்பதாகவோ, எந்நேரமும் எடையைப் பற்றியே கவலைப்படுவதாகவோ தோன்றினால், அதைப் பெற்றோரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ தெரிவிப்பது கோள் சொல்வதாகாது. அது நட்பின் கடமை. பலதுறை மருந்தகத்து மருத்துவரும் உணவியல் வல்லுநரும் உதவுவார்கள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும் என்பர். உடலைப் பேணுவோர் எடைப்பொறியின் முள்ளை மட்டும் பார்க்க வேண்டியதில்லை. படியேறும்போது மூச்சு வாங்குவது குறைந்ததா, வகுப்பில் சோர்வு நீங்கியதா, இரவில் நன்றாக உறக்கம் வந்ததா என்றும் பார்க்கலாம். இவை சீரடைந்தால் உடல் சரியான வழியில் செல்கிறது என்று பொருள்.

சொல்வளம்

விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் அளவு
முத்திரை குத்துதல் – ஒருவரை இன்னார் என்று முன்கூட்டியே முடிவு கட்டுதல்
அறவே – முழுவதுமாக
முழுத்தானியம் – தவிடும் முளையும் நீக்கப்படாத தானியம்
தெரிவு – தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் வாய்ப்பு
பேணுதல் – போற்றிக் காத்தல்

சிந்தித்து விடையளிக்க

1. 1992இல் தொடங்கிய திட்டம் பலன் தந்தும் 2007இல் ஏன் முடிவுக்கு வந்தது?
2. எடை மாறாமலேயே ஒரு மாணவரின் உடல் எடைக் குறியீடு குறைந்தது எவ்வாறு?
3. பட்டினி கிடந்து எடையைக் குறைப்பவருக்கு முதல் வாரத்தில் குறைவது எது? அது ஏன் நிலைப்பதில்லை?
4. 'உடற்பயிற்சி உண்ட உணவுக்குத் தண்டனை ஆகாது.' இக்கருத்தை உம் சொந்தச் சொற்களில் விளக்குக.
5. உம் வீட்டில் நேற்று இரவு பரிமாறப்பட்ட உணவை ஆரோக்கியத் தட்டுடன் ஒப்பிடுக. குடும்பத்தார் அனைவரும் ஏற்கக்கூடிய ஒரு மாற்றத்தைப் பரிந்துரைத்து, அதற்கான காரணத்தையும் எழுதுக.